தொடாமல் ஒலிக்கும் இசைக்கருவி

இசைக் கருவிகளை நம் முன்னோர் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுத்தனர். மத்தளம் தோற்கருவி, குழலும் நாகசுரமும் துளைக்கருவிகள், யாழும் வீணையும் நரம்புக்கருவிகள், தாளம் கஞ்சக்கருவி. இப்பாகுபாட்டில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. தோலோ, காற்றோ, நரம்போ, வெண்கலமோ, ஏதேனும் ஒரு பொருள் அதிர்ந்தாலன்றி ஒலி பிறவாது. அப்பொருளை அடித்தும், ஊதியும், மீட்டியும் அதிரச் செய்வது மனிதனுடைய கை அல்லது வாய். பல்லாயிரம் ஆண்டுகளாக இசைக்கலை இந்த எல்லைக்குள்ளேயே வளர்ந்து வந்தது.

இந்நான்கிலும் அடங்காத ஐந்தாம் வகை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அதில் மின்னோட்டம் அலைகிறது; ஒலிபெருக்கி அந்த அலைவை நம் செவிக்கு ஒலியாக்கித் தருகிறது. மின்னிசைக் கருவி என்றவுடன், கடைத்தெருவில் 'கீபோர்டு' என்று விற்கப்படும் கருவியே இன்றைய மாணவர்க்கு நினைவு வரும். ஆனால் இவ்வகையில் முதன்முதல் உலகப் புகழ் பெற்ற கருவிக்குக் கட்டை இல்லை, மெட்டு இல்லை, தந்தியும் இல்லை. வாசிப்பவர் அதனைத் தொடுவதே இல்லை. அக்கருவியின் வரலாற்றையும், பின்னர்க் கட்டைகள் வந்து மின்னிசையை எவ்வாறு தம் வசமாக்கிக்கொண்டன என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

மின்சாரத்தால் இசை எழுப்பும் முயற்சி அதற்கு முன்னும் உண்டு. அமெரிக்காவில் தாடியஸ் கேகில் என்பவர் 1897-ஆம் ஆண்டில் 'தெல்ஆர்மோனியம்' என்னும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1906-இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட அப்பொறியின் எடை ஏறத்தாழ 200 டன். மின்சார நிலையத்தில் உள்ளவை போன்ற மின்னாக்கிகள் அதில் சுழன்றன; பிறந்த இசை தொலைபேசிக் கம்பி வழியே உணவு விடுதிகளுக்குச் சென்றது. அக்கம்பிகளிலே பேசிக்கொண்டிருந்தோர் காதிலும் அவ்விசை அழையாமல் புகுந்தது. சில ஆண்டுகளில் அம்முயற்சி நட்டத்தில் முடிந்தது. மின்னலைவைப் பெருக்கும் வால்வு பயனுக்கு வரும்வரை இத்தகைய கருவி மலையளவு பெரிதாகத்தான் இருக்க முடியும்.

வால்வு வந்த காலத்தில், பெத்ரோகிராடு நகரத்து இயற்பியல் ஆய்வுக் கூடம் ஒன்றில் லேவ் தெர்மென் என்னும் இளைஞர் பணியாற்றிக் கொண்டிருந்தார். 1896-இல் பிறந்த அவர் இயற்பியல் கற்றவர். செல்லோ என்னும் பெரிய நரம்புக்கருவியையும் முறையாகப் பயின்றவர். புரட்சிக்குப் பின் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வளிகளின் தன்மையை அளப்பதற்காக அவர் ஒரு மின்கருவியை அமைத்தார். அளவு மாறுவதை அறிந்துகொள்ள, ஓர் ஒலி எழும்படி அதனை ஏற்பாடு செய்திருந்தார். தம் கை கருவியின் அருகே போகும்போதும் விலகும்போதும் அவ்வொலி ஏறுவதையும் இறங்குவதையும் கண்டார். வேறொருவராயின், கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு தம் அளவையைத் தொடர்ந்திருப்பார். தெர்மென் செல்லோ வாசிப்பவரல்லரோ? கையை அசைத்து, தமக்குத் தெரிந்த மெட்டு ஒன்றை அக்கருவியில் எழுப்பிப் பார்த்தார். 1920-இல் அதனைப் பிறர் முன் வாசித்தும் காட்டினார்.

கை தொடாமல் ஒலி எவ்வாறு மாறும் என்று நீங்கள் கேட்கக்கூடும். தம்புராவின் இரு தந்திகளை ஒரே சுருதியில் சேர்க்க முயலும்போது, அவை மிக நெருங்கி வந்தும் ஒன்றாகாத நிலையில், ஒலி அலை அலையாகப் பொங்கித் தாழ்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டின் அதிர்வெண்களுக்கும் உள்ள வேறுபாடே அப்பொங்கல். பழைய வானொலிப் பெட்டியில் நிலையம் தேடும்போது, இரண்டு நிலையங்கள் நெருங்குமிடத்தில் ஒரு சீழ்க்கை எழுமே, அதற்கும் இதுவே காரணம்.

தெர்மெனின் கருவியில் இரண்டு அலையியற்றிகள் உள்ளன. சான்றாக, ஒன்று நொடிக்கு 1,70,000 முறை மாறாமல் அலைகிறது என்று கொள்வோம். இது செவிக்கு எட்டாத வேகம். மற்றொன்றோடு ஓர் உலோகக் கம்பம் இணைக்கப்பட்டிருக்கிறது. மனிதனுடைய கை அக்கம்பத்தை நெருங்கும்போது கையும் கம்பமும் ஒரு மின்தேக்கியின் இரு தகடுகளைப் போல் ஆகின்றன. அதனால் இரண்டாம் அலையியற்றியின் வேகம் சிறிது குறைகிறது. அது 1,69,560 ஆயிற்று என்றால், வேறுபாடு 440. நாம் கேட்பது அந்த 440 அதிர்வுள்ள ஒலியை. கை இன்னும் நெருங்கினால் வேறுபாடு மிகுந்து சுருதி ஏறும், விலகினால் இறங்கும். வலக்கை இப்பணியைச் செய்ய, இடக்கை மற்றொரு வளையக் கம்பியின்மேல் உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலியைப் பெருக்கவும் அடக்கவும் செய்யும். இவ்வளவே அதன் அமைப்பு.

1922-இல் கிரெம்ளின் மாளிகையில் லெனின் முன்னிலையில் தெர்மென் இதனை வாசித்தார். ருசிய இசைமேதை கிளிங்காவின் 'வானம்பாடி' என்னும் பாடலை லெனினும் முயன்று வாசித்துப் பார்த்ததாகக் கூறுவர். 1927-இல் ஜெர்மனி, இங்கிலாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் பேரரங்குகளில் மக்கள் திரண்டு வந்து இவ்வதிசயத்தைக் கண்டனர். அவ்வாண்டின் இறுதியில் அவர் நியூயார்க்கை அடைந்தார். அந்நாட்டில் அவர் பெயர் 'தெரமின்' என்று வழங்கிற்று. கருவிக்கும் அதுவே பெயராயிற்று. 1928-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. என்னும் பெரிய வானொலி நிறுவனம் உரிமையைப் பெற்றுச் சுமார் 500 கருவிகளைச் செய்து விற்பனைக்கு அனுப்பியது. வாயால் ஒரு பாட்டை முணுமுணுக்கத் தெரிந்தவர் எவரும் இதனை வாசிக்கலாம் என்பதே அந்நிறுவனத்தின் விளம்பரம். விலை 175 டாலர். வால்வுகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் வேறு விலை. 1929-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ந்தது. விற்பனையும் வீழ்ந்தது. பொருளாதார வீழ்ச்சியே காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. என் கருத்தில், விளம்பரத்தில் சொன்ன பொய்யும் அதற்கு இணையான காரணம். வீணையில் விரல் வைக்க மெட்டு உண்டு. மெட்டில்லாத வயலினிலும் தந்தியின் தொடுகை உண்டு. விரல் தன் இடத்தைப் பழக்கத்தால் அறியும். தெரமினிலோ விரலுக்குத் தட்டுப்படுவது காற்று ஒன்றே. உடல் சிறிது சாய்ந்தாலும் சுருதி பிசகும். செவி ஒன்றைத் தவிர வாசிப்பவருக்கு வேறு துணை கிடையாது. வாங்கியவர்கள் வீட்டில் வைத்துச் சில நாள் ஊளையிடச் செய்து, பின்னர்ப் பரணில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அக்கருவிக்கு மானம் தேடித் தந்தவர் ஒரு பெண்மணி. கிளாரா ராக்மோர் 1911-இல் வில்னா நகரில் பிறந்தவர். ஐந்து வயதளவிலேயே பீட்டர்சுபர்க் இசைக் கல்லூரியில் வயலின் பயிலச் சேர்த்துக்கொள்ளப்பட்ட குழந்தை மேதை. குடும்பத்தோடு அமெரிக்கா சென்றபின், அவருடைய கை நோயுற்றது. இளமையில் போதிய உணவின்மையால் எலும்பு வலுவிழந்ததே காரணம் என்பர். வில் பிடிக்க இயலாமற் போயிற்று. இசை நிறைந்த உள்ளமும் பயன்படாத கையும் உடையவராய் நின்ற அவருக்குத் தெர்மெனின் கருவி அறிமுகமாயிற்று. தொடவேண்டாத கருவி அவருக்கென்றே அமைந்ததுபோல் இருந்தது.

அவர் செய்த தொண்டு பெரிது. காற்றிலே ஒரு விரல்முறையை அவர் வகுத்தார். கை முழுவதையும் அசைக்காமல், மூடிய விரல்களைப் படிப்படியாகத் திறப்பதால் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குத் தெளிவாகத் தாவலாம் என்று கண்டார். அதற்குமுன் தெரமின் என்றால் சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டே போவது. கருவியிலும் குறைகளை எடுத்துச் சொல்லித் தெர்மெனைத் திருத்தச் செய்தார். ஒலி விரைந்து தோன்றவும் மறையவும் வேண்டும், மூன்று நிலைகள் போதாமல் ஐந்து நிலைகளிலும் வாசிக்கக் கூடியதாக வேண்டும் என்று அவர் கேட்க, தெர்மென் அவருக்கெனத் தனிக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். 1934-இல் நியூயார்க் நகர மன்ற அரங்கில் நடந்த அவருடைய கச்சேரி, இது வேடிக்கைப் பொருளன்று, இசைக்கருவியே என்பதை நிலைநாட்டியது. ஒரு கருவியைச் செய்பவன் பாதியளவே செய்கிறான். வாசிப்பவன் மீதியைச் செய்கிறான் என்பதற்குக் கிளாராவைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் இசையைப் பயின்றவர்களுக்கு, இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட வெளி எத்துணை இன்றியமையாதது என்று சொல்ல வேண்டியதில்லை. கமகம் வாழ்வது அங்கேதான். ஒரு நிலைக்குப் பன்னிரண்டு கட்டைகள் வைத்த ஆர்மோனியத்தில் அவ்வெளிக்கு இடமில்லை. இக்காரணத்தால் 1940-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. எத்தனையோ பள்ளிகளில் இறைவணக்கத்துக்குத் துணைநின்ற கருவி அது. அதனை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் அத்தடையை விதித்தோர் எழுப்பிய வினா நேர்மையானது. அதே வினாவை ஐரோப்பிய மின்னிசைக் கருவியாளரும் வேறு வகையில் எதிர்கொண்டனர்.

பிரான்சு நாட்டு மோரிசு மார்த்தெனோ என்பவரும் செல்லோ வாசித்தவரே. முதல் உலகப்போரில் கம்பியில்லாத் தந்தித் துறையில் பணியாற்றியபோது, வால்வுகள் எழுப்பிய ஒலிகள் அவர் மனத்தைக் கவர்ந்தன. 1928-இல் அவர் பாரிசில் அரங்கேற்றிய கருவிக்கு 'ஓந்து மார்த்தெனோ', அதாவது மார்த்தெனோவின் அலைகள் என்று பெயர். அடிப்படைத் தத்துவம் தெர்மெனுடையதே. ஆனால் காற்றில் கையைத் தவிக்க விடாமல், நீண்ட நாடா ஒன்றில் கோத்த மோதிரத்தை ஆட்காட்டி விரலில் அணிந்து, இடமும் வலமும் இழுத்து வாசிக்குமாறு அவர் அமைத்தார். நாடாவின் அடியே கட்டைகளின் வரிசை தெரியும். எந்தச் சுரம் எங்கே உள்ளது என்பதைக் கண் காணும். இடைவெளி முழுவதும் விரலுக்கு உரியது. கோட்டுவாத்தியத்தில் மெட்டில்லாத தந்தியின்மேல் கட்டையை வழுக்கி வாசிப்பதை நேரில் கண்டவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வர். இடக்கையால் ஒரு பொத்தானை அழுத்தும் அளவுக்கேற்ப ஒலி பெருகும். பிற்காலக் கருவிகளில் கட்டைகளையும் இசைக்கலாம். கட்டையைச் சிறிது பக்கவாட்டில் அசைத்தால் சுரமும் அசையும்.

மார்த்தெனோ தம் கருவிக்கு ஆசிரியர்களையும் உண்டாக்கினார். 1947 முதல் பாரிசு இசைக் கல்லூரியில் அதற்கென வகுப்பு நடந்தது. ஒலிவியே மெசியான் இயற்றிய 'துரங்கலீலா' என்னும் பெரிய இசைப் படைப்பு 1949-இல் பாஸ்டன் நகரில் அரங்கேறியபோது, மார்த்தெனோவின் தங்கை ழினெத் இக்கருவியை வாசித்தார். அப்பெயர் வடமொழிச் சொற்களால் ஆனது என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள். ஜெர்மனியில் 1930-இல் பிரீடிரிக் டிராட்வைன் செய்த 'டிராட்டோனியம்' என்பதும் கம்பியை விரலால் அழுத்தி வாசிக்கும் கருவி. இவை யாவும் கட்டைக்கு அடிமைப்படாத கருவிகள்.

தெர்மெனின் வாழ்க்கை இதற்கிடையில் வேறு திசையில் திரும்பியது. 1938-இல் அவர் சோவியத்து நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு கைது செய்யப்பட்டு, எட்டாண்டுத் தண்டனை பெற்று, கொலிமாப் பகுதியின் கொடுங்குளிர் முகாமுக்கு அனுப்பப்பட்டார். பின்னர்க் கைதிகளான அறிஞர்களை வைத்து வேலை வாங்கும் சிறைக்கூடம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் செய்த கருவிகளில் ஒன்று விந்தையானது. 1945-இல் சோவியத்துச் சிறுவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய கழுகு முத்திரை ஒன்றைப் பரிசளித்தனர். தூதர் இல்லத்துச் சுவரில் அது 1952 வரை தொங்கியது. அதனுள்ளே மின்கலம் எதுவும் இல்லாத ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. வெளியிலிருந்து வானொலி அலையைச் செலுத்தினால் அறையின் பேச்சு அவ்வலையில் ஏறித் திரும்பும். கையசைவை இசையாக்கிய அறிவே அதனையும் செய்தது. 1947-இல் அவருக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அமெரிக்காவிலோ, அவர் இறந்துவிட்டார் என்றே பலர் எண்ணியிருந்தனர்.

கிளாரா ஒருவர் அரங்கில் வாசித்துக்கொண்டிருக்க, தெரமின் ஆலிவுட் திரைப்படங்களில் புகுந்தது. 1945-இல் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தில் மனநோயைக் காட்டவும், 1951-இல் வேற்றுலகத்தார் வருகையைக் காட்டவும் அது பயன்பட்டது. அதன்பின் பேயும் பறக்கும் தட்டும் வருமிடமெல்லாம் அந்த ஊளை கேட்கலாயிற்று. ஓர் இசைக்கருவிக்கு இதனினும் கொடிய கெடுதி வேண்டுவதில்லை.

எனினும் அக்கருவியே அடுத்த தலைமுறைக்கு வித்திட்டது. நியூயார்க்கில் 1934-இல் பிறந்த ராபர்ட் மோக் பள்ளிப் பருவத்திலேயே இதழ் ஒன்றைப் பார்த்துத் தெரமின் செய்தார். இருபது வயதில் தெரமின் விற்கத் தொடங்கினார். 1961-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்து, கருவியைத் தாமே பூட்டிக்கொள்வதற்கான பொருள்களை ஆயிரம் பேரளவில் வாங்கினர். 1964-இல் எர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளருடன் சேர்ந்து அவர் அமைத்ததே மோக் 'சிந்தசைசர்'. மின்னழுத்தத்தால் சுருதியையும் ஒலித்தன்மையையும் ஆள்வது அதன் தத்துவம். ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு நிலை ஏறும். அவ்வழுத்தத்தை எதனாலும் தரலாம். கட்டை வேண்டும் என்றார் டாய்ச், கட்டை வந்தது. அதே ஆண்டுகளில் கலிபோர்னியாவில் டான் புக்லா செய்த கருவியில் கட்டைக்கு இடமில்லை. தொட்டால் உணரும் தகடுகளே இருந்தன. புதிய கருவியில் பழைய பியானோ விரல்களுக்கு என்ன வேலை என்பது புக்லாவின் எண்ணம். எண்ணம் சிறந்ததே, சந்தை மோக்கின் பக்கம் நின்றது. 1968-இல் வெண்டி கார்லோசு, பாக் என்னும் மேதையின் இசையை மோக் கருவியில் அமைத்து வெளியிட்ட இசைத்தட்டு பேரளவில் விற்றது. பாக்கின் படைப்புகளில் பல கட்டைக்கெனவே பிறந்தவை. கட்டை வெற்றி கொண்டதில் வியப்பில்லை.

1970-இல் வந்த 'மினிமோக்' 44 கட்டைகள் உடையது. அதன் இடப்பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் வைக்கப்பட்டது. வலக்கை கட்டையை அழுத்தியிருக்க, இடக்கை அச்சக்கரத்தைத் திருகினால் சுரம் வளையும். கட்டை விரட்டிய வெளி அச்சக்கரத்தின் வழியே சிறிது திரும்பி வந்தது எனலாம். இன்று சென்னை மேடைகளில் மின்கட்டைக் கருவியில் கருநாடக இசை வாசிக்கும் இளைஞர்கள் அச்சக்கரத்தைக் கொண்டே கமகங்களைக் காட்டுகின்றனர். ஆயினும் 1983-இல் எல்லா நிறுவனங்களும் ஏற்ற 'மிடி' என்னும் பொது முறையில், சுரங்களுக்கு 0 முதல் 127 வரை கட்டைகளைப் போலவே எண்ணிட்டனர். வளைவு தனிச் செய்தி. ஒரு தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் யாவும் ஒன்றாகவே வளையும். ஒவ்வொரு விரலும் தனித்தனியே வளைக்க வழிசெய்யும் திருத்தம் 2018-இல்தான் முறையாக ஏற்கப்பட்டது.

அதற்கு முன்பே கட்டையில்லாக் கருவிகளைச் செய்வோர் ஓய்ந்திருக்கவில்லை. லிப்போல்ட் ஆக்கன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் செய்த 'கன்டினியம்' என்பது மென்மையான நீண்ட பரப்பு. விரல் எங்கே நகர்ந்தாலும் சுரம் உடன் நகரும். ஏ. ஆர். ரகுமான் 2009-இல் வந்த 'தில்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' என்னும் பாடலில் அதனை வாசித்திருக்கிறார். கேட்பவருக்கு அது ஒரு நரம்புக்கருவியோ என்று ஐயம் எழும்.

தெர்மென் பல்லாண்டுகள் கழித்து மாஸ்கோ இசைக் கல்லூரியில் வேலை பெற்றார். 1967-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று அவர் உயிருடன் இருப்பதை எழுதியபின் அந்த வேலையையும் இழந்தார். ஒன்றுவிட்ட உறவில் பேத்தி முறையான லிதியா கவினா என்னும் சிறுமிக்கு, அவளுடைய ஒன்பதாம் வயது முதல் தெரமின் கற்பித்தார். அவர் இன்று பல நாடுகளில் வாசித்தும் கற்பித்தும் வருகிறார். 1991-இல், தம் 95-ஆம் வயதில், தெர்மென் மீண்டும் நியூயார்க் சென்று கிளாராவை அவர் இல்லத்தில் கண்டார். அவருக்காகத் தாம் செய்த கருவி அங்கே இருந்தது. அதில் கிளாரா வாசித்த இசை, மோக்கும் அவர் மனைவியும் எடுத்த முயற்சியால், 1977-லேயே இசைத்தட்டாக வெளிவந்திருந்தது. மோக் தம் முதிய வயதில் தெரமின் செய்யும் தொழிலுக்கே திரும்பினார். 1996-இல் அவர் வெளியிட்ட 'ஈதர்வேவ்' என்னும் சிறிய கருவியில்தான் இன்று புதிதாகப் பயில வருவோர் பலர் தம் முதல் சுரத்தைக் காற்றில் தேடிக்கொண்டிருக்கின்றனர்.